அஞ்சாம் படிச் சுவர்

வாங்க சார், வாங்க. அந்தச் சேர்ல ஒக்காருங்க. அளக்கற டேப்பை அப்புறம் எடுக்கலாம், ஒண்ணும் அவசரமில்லீங்க. காப்பி குடுக்க முடியாதுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. அடுப்படி சொவத்துக்கு அக்கட்டால இருக்குது. தண்ணி வேணாத் தர்றேன், கடையில வாங்குன பாட்டல் தண்ணி. கெணறும் அக்கட்டால தான் இருக்குது. சம்சாரமும் அக்கட்டால தான் இருக்குது. இக்கட்டால என்ன இருக்குதுங்கறீங்களா? நான் இருக்கேனுங்க. ஒரு புளியமரம் இருக்குது. ஒரு மாட்டுக் கட்டுத்தறி இருக்குது. கட்டுத்தறியில மாடு இல்லீங்க.

வண்டியை நிறுத்திட்டுச் சொவரைப் பாத்து நின்னீங்க பாருங்க, அதை நான் சன்னல் வழியாப் பாத்தேனுங்க. எல்லாரும் அப்படித்தான் நிக்கறாங்க. கொத்தனாரு தண்ணியைப் போட்டுட்டுக் கட்டிட்டாராங்கறாங்க. போன மாசம் கரண்டு கணக்கெடுக்க வந்தவரு, "ஏனுங்க வாத்தியாரே, உள்ள பாம்புப் புத்து இருக்குதுங்களா, வளைச்சு வளைச்சுக் கட்டியிருக்கீங்க?"ன்னாரு. பாம்புப் புத்தாமா! சார், அது பல்லுறுப்புக் கோவை. அஞ்சாம் படி. நீங்க பன்னண்டாவதுல கணக்கு எடுத்தீங்களா? எடுத்தீங்களா! அப்பச் சரி, உங்களுக்குச் சொன்னாப் புரியும். தாலுகாபீசுல விவரமான ஆளாப் பாத்துத் தான் தாட்டி விட்டிருக்காங்க. சர்வேயர்னாக் கணக்குத் தெரியாம இருக்குமா.

எம்பேரு தெய்வசிகாமணி. மேல்நிலைப் பள்ளியில கணக்கு வாத்தியாரு. இருபத்திரெண்டு வருசம். பிள்ளைக இல்லீங்க, நானும் சம்பூர்ணமும் தான்.

மொதல்ல இருந்து சொல்றேன், அப்பத்தான் நீங்க ரிப்போர்ட்டு சரியா எழுத முடியும். இந்தக் காடு தோட்டம் எல்லாம் எங்க மாமனாரோடதுங்க. அவருக்குப் பையன் ஒண்ணு, புள்ளை ஒண்ணு. பையன் சென்னியப்பன், எனக்கு மச்சான். புள்ளை தான் சம்பூர்ணம். மாமனார் சாகறதுக்கு ஒரு வருசம் முன்னால, இதோ இந்த வாசல்ல நின்னு கைத்தடியை நீட்டி, "வடக்கால பையனுக்கு, தெக்கால புள்ளைக்கு"ன்னாரு. கிழக்க மேக்க ஒரு நேர்கோடு. முந்நூறு அடி. நான் அன்னிக்கே நோட்டுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

அதுக்கப்புறம் அண்ணனும் தங்கச்சியும் இருபது வருசமா ஒரு சண்டை கிடையாதுங்க. அதுதான் பிரச்சனையே. கோடு ஒண்ணு இருக்குதுங்கறதே யாருக்கும் நெனப்பில்லாமப் போச்சு. இவ போயி அங்க கறிவேப்பிலை பறிப்பா, அவங்க வந்து இங்க புளி ஒலுக்குவாங்க. மச்சானோட கோழி எங்க திண்டுல முட்டையிடும். இவ அதை எடுத்து எனக்கே ஆம்லெட் போட்டுக் குடுப்பா. யாரு கேக்கறது?

நானும் பேசாமத்தான் இருந்தேன் சார். போன தை மாசம் மச்சானோட பேத்திக்குக் காது குத்துனாங்க. ஒறம்பரை சனமெல்லாம் பந்தியில ஒக்காந்திருக்குது. நான் மூணாவது எலை. மச்சான் தண்ணிச் சொம்போட நின்னுக்கிட்டுக் கேக்கறாரு, "ஏனுங்க மாப்ள, இருபத்திரெண்டு வருசமா எக்ஸு, ஒய்யின்னு சொல்லித் தர்றீங்களே, அதை வச்சு ஒரு மொளைக்குச்சியாவது ஊனியிருக்கீங்களா?"ன்னு. பந்தியே சிரிச்சுது. சிரிக்கட்டும், அதுகளுக்கு என்ன தெரியும். ரசம் ஊத்திக்கிட்டு இருந்த சம்பூர்ணமும் சிரிச்சா. அதுதான் சார் எனக்கு ஆகலை. இருபத்திமூணு வருசம் எங்கூடக் குடும்பம் நடத்துனவ. ரசத்தைக் கையில வச்சுக்கிட்டுச் சிரிக்கறா.

சரி, ஊனறேன்னு எந்திரிச்சேன். பாயசம் கூடச் சாப்பிடலை.

அடுத்த நாளே அளந்துட்டேனுங்க. கோட்டு மேல மூணு சங்கதி குறுக்க நிக்குது. மேக்கால மொனையில இருந்து எழுபத்தஞ்சாவது அடியில கெணறு. நூத்தம்பதாவது அடியில புளியமரம். எரநூறாவது அடியில கன்னிமார். கன்னிமார்னா ஏழு கல்லு, வருசத்துக்கு ஒருக்காப் பொங்கல் வைப்பாங்க. நேராச் சொவரு கட்டுனா கெணத்தைப் பொளந்துக்கிட்டுப் போகோணும், மரத்தைப் பொளக்கோணும், கன்னிமாரையும் பொளக்கோணும்.

அப்பத்தான் கன்னிமாருக்குப் பூசை வைக்கற நடேசப் பண்டாரம் வந்தாரு. வந்து என்ன சொல்றாரு? "வாத்தியாரே, சொவரு கட்டறது உங்க இஷ்டம். ஆனாக் கன்னிமாரைத் தாண்டக் கூடாது. வரலாம், தொடலாம், கும்பிட்டுட்டு வந்த பக்கமே திரும்பிரோணும். தாண்டுனாக் குடும்பத்துக்கு ஆகாது." எனக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சுங்க! அவருக்குத் தெரியாமலே என்ன சொல்லியிருக்காரு பாத்தீங்களா? இரட்டை மூலம் சார்! ஒரு காரணி ஒரு தடவை வந்தாக் கோடு அச்சைத் தாண்டிப் போகும். அதே காரணி ரெண்டு தடவை வந்தாத் தொட்டுட்டு வந்த பக்கமே திரும்பிரும். இதை எம்எஸ்சி படிச்சவனுக்குப் புரிய வைக்க எனக்கு ஒரு வாரம் ஆகும். பண்டாரம் வெத்தலையை மென்னுக்கிட்டே சொல்லிட்டுப் போறாரு. நான் அவரு கையைப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். அவரு பயந்து போயிட்டாரு.

அங்கயே முடிவு பண்ணிட்டேன், சொவரு கோவையாத் தான் போகோணும்னு. கோவையோட பூச்சியம்னா என்னங்க, கோடு அச்சை எங்க வந்து தொடுதோ அந்த எடம். பூச்சியம் தெரிஞ்சாப் பாதிப் படம் முடிஞ்சுது. மீதிப் பாதி, ரெண்டு மொனையும் கடைசியில எங்க போகுதுங்கறது. இந்த ரெண்டும் கையில இருந்தா நடுவுல இருக்கறது தானா வந்து ஒக்காந்துக்கும். கரும்பலகையில ஆயிரம் தடவை போட்டிருக்கேன். அதைக் காட்டுல காலால நடந்து பாத்தது அன்னிக்குத் தான்.

மாமனார் காட்டுன கோடு தான் எக்ஸ் அச்சு. வடக்க மச்சான் பக்கம் போனா மேல போறது, தெக்க எங்க பக்கம் வந்தாக் கீழ வர்றது. மச்சான் வெள்ளாமை பண்றவரு, கெணறு அவருக்கு. புளியமரம் எங்களுக்கு. எனக்கு ஓரவஞ்சனை கிடையாதுங்க. அப்பக் கெணத்துக்கு முன்னால நாப்பதாவது அடியில ஒரு தடவை தாண்டோணும். கெணறு முடிஞ்சு நூத்திப்பத்துல ஒரு தடவை தாண்டோணும். எரநூறுல கன்னிமாரைத் தொட்டுத் திரும்போணும். ஆக நாலாம் படி.

கயித்துக் கட்டில்ல கிராஃப் பேப்பரை விரிச்சு வச்சுட்டு மச்சானைக் கூப்பிட்டேன். அவரு தோள்ல துண்டோட வந்து குனிஞ்சு பாத்தாரு. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "மாப்ள, ரெண்டு மொனையும் எங்க காட்டுக்குள்ளயே ஏறுதுங்களே?"ன்னாரு. எட்டாவதோட நின்ன மனுசன் சார்! எடுத்த எடுப்புல புடிச்சுட்டாரு! படி இரட்டைப்படையா இருந்தா ரெண்டு மொனையும் ஒரே பக்கம் தான் போகும். நானே அதைக் கவனிக்கலை. வெக்கமாப் போச்சு எனக்கு. "மச்சான், நீங்க மட்டும் படிச்சிருந்தா எங்கயோ போயிருப்பீங்க"ன்னேன். அவரு, "நான் எங்கயும் போக வேண்டாமுங்க மாப்ள, சொவரே வேண்டாம். நமக்குள்ள எதுக்கு? கட்டியே ஆகோணும்னாக் கெணத்தையும் மரத்தையும் விட்டுட்டு மீதியில நேரா ஒரு கயித்தைக் கட்டிக் கட்டிக்குங்க"ன்னாரு.

நேர்கோடு! நேர்கோடு ஒண்ணாம் படி சார். எட்டாவதுப் பசங்க போடறது. அதையும் விட்டு விட்டுப் போடச் சொல்றாரு.

நியாயம்னா ஒத்தைப்படை தானுங்க. ஒத்தைப்படையா இருந்தா ஒரு மொனை மேல போகும், ஒரு மொனை கீழ வரும். அவரு நெலத்துல கொஞ்சம், எங்க நெலத்துல கொஞ்சம். அதனால எரநூத்தி நாப்பதாவது அடியில இன்னொரு பூச்சியம் வச்சேன். அங்க ஒண்ணுமில்லை, ஒரு எலுமிச்சைச் செடி தான். இப்ப அஞ்சாம் படி ஆயிருச்சு. கோவைக்கு முன்னால நாப்பது கோடியில ஒரு பங்குன்னு ஒரு குட்டி எண்ணு, அதுக்கு ஒரு கழித்தல் குறி. அப்படி அமுக்குனாத்தான் கெணத்துக்கிட்ட எட்டடி தெக்க வளையும், புளியமரத்துக்கிட்ட ரெண்டரை அடி வடக்க வளையும். அளந்து பாருங்க, ஒரு விரக்கடை மாறாது.

ஆனா ஒண்ணுங்க. நடுவுல எவ்வளவு அமுக்குனாலும் மொனை அமுங்காது. அஞ்சாம் படி அப்படி. மேக்கால மொனை மச்சான் காட்டுக்குள்ள நூத்தியஞ்சு அடி ஏறிருச்சு. கிழக்கால மொனை எங்க வளவுக்குள்ள எழுபத்தி நாலு அடி எறங்கிருச்சு. பாத்தீங்களா, அவருக்கு முப்பத்தொரு அடி அதிக நட்டம். அதை நான் இன்னைக்கு வரைக்கும் அவருகிட்ட ஒரு வார்த்தை சொல்லிக் காட்டலை.

கொத்தனாரு சடையப்பன் தான் பாவம். "சார், நேராக் கட்ட நூல் இருக்குது, நட்டமாக் கட்டத் தூக்குக்குண்டு இருக்குது, இதுக்கு என்னத்தைங்க வைக்கறது?"ன்னு தலையைச் சொறிஞ்சாரு. நான் அஞ்சடிக்கு ஒண்ணுன்னு அறுபத்தியோரு மொளைக்குச்சி ஊனிக் குடுத்தேன். ஒவ்வொண்ணுக்கும் எக்ஸும் ஒய்யும் எழுதிச் சீட்டுக் கட்டித் தொங்க விட்டேன். மச்சானைக் கூப்பிட்டு, "பாருங்க மச்சான், எண்ணிக்குங்க"ன்னேன். அவரு எண்ணலை. கிழக்கு மொனையில வாய்க்கால் வந்ததும் சடையப்பன், "இங்க நிறுத்திக்கட்டுங்களா?"ன்னு கேட்டாரு. "நீ நிறுத்திக்க சடையப்பா, கோடு நிக்காது, அது பாட்டுக்குப் போயிட்டே இருக்கும்"னேன். அவரு கரண்டியை வச்சுட்டு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பாத்தாரு.

சம்பூர்ணமா? அவ ஒண்ணும் சண்டை போடலீங்க. கதவு எங்க வருதுன்னு தான் கேட்டா. மூணு தடவை கேட்டா. மொதத் தடவை கிராஃப்பைப் பாத்துட்டுக் கேட்டா. நான் பக்கத்துல ஒக்கார வச்சுப் பொறுமையாச் சொன்னேன், "இதா பாரு சம்பூர்ணம், பல்லுறுப்புக் கோவை தொடர்ச்சியானது. பென்சிலை எடுக்காம வரையோணும். எந்த எடத்துலயும் அறுபடக் கூடாது. கதவு வச்சா அறுந்து போகும்"னு. ரெண்டாவது தடவை சொவரு இடுப்பளவு வந்தப்பக் கேட்டா. அதுவரைக்கும் சேலையைத் தூக்கிச் செருகிக்கிட்டுத் தாண்டித் தாண்டித் தான் அடுப்படிக்குப் போயிட்டு வந்தா. எங்க அடுப்படி ஊட்டோட ஒட்டி இருக்காதுங்க, தனியா, வாய்க்கா ஓரமா இருக்குது. வெறகடுப்புப் பொகை ஊட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு மாமனார் காலத்துல கட்டுனது. கோடு கரெக்டா ஊட்டுக்கும் அடுப்படிக்கும் நடுவால தான் எறங்குது. அதை நீங்க மொதல்லயே பாக்கலையான்னு எல்லாரும் கேக்கறாங்க. கிராஃப் பேப்பர்ல அடுப்படி எப்படிங்க வரும்?

மூணாவது தடவை கேட்டது கடைசி நாளு. வெள்ளிக்கிழமை. ஆளுகளுக்கு டீ வைக்க அடுப்படிக்குப் போனவ திரும்பி வர்றதுக்குள்ள மேல் வரிசை வச்சாச்சு. அஞ்சடிச் சொவரு. அவ அதுக்கு நாலு விரக்கடை தான் கூட. நெத்தியும் குங்குமமும் மட்டும் தான் தெரியுது. அக்கட்டால நின்னுக்கிட்டு, "ஏனுங்க, கதவு வைக்க மாட்டீங்களா? அப்ப நான் எந்தப் பக்கம் நிக்கட்டும்?"னு கேட்டா. "சிமெண்டு காயட்டும், அதுவரைக்கும் அங்கயே நில்லு"ன்னேன். நான் சொன்னது சிமெண்டுக்காகத் தானுங்க. ஈரத்துல சாஞ்சா சொவரு நவுந்துரும்.

அதே நாளு மச்சானோட மாட்டுக் கட்டுத்தறி மேக்கால மொனையில எங்க பக்கம் வந்துருச்சு. ரெண்டு எருமையோட! ஊரே சிரிச்சுது, வாத்தியாரு பொண்டாட்டியைக் குடுத்துட்டு எருமையை வாங்கிக்கிட்டாருன்னு. மச்சான் அரை மணி நேரத்துல ரோட்டைச் சுத்தி வந்து எருமையை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாரு. போறப்ப எம்மூஞ்சியைப் பாத்தாரு. வெசனப்பட்ட மாதிரி இருந்துது, எருமைக்காகத் தான் இருக்கும்.

மேக்கால வேலி, கிழக்கால வாய்க்கா, ரோட்டைச் சுத்துனாத்தான் வழி, ஒன்னேகால் கிலோமீட்டருங்க. எங்க வாசலு தெக்கு ரோட்டுல, அவரு வாசலு வடக்கு ரோட்டுல. சம்பூர்ணம் அண்ணன் ஊட்டுல தங்கிக்கிட்டு, எங்க அடுப்படியில சமைச்சு, தூக்குப்போசியில எடுத்துக்கிட்டு மூணு நேரமும் நடந்து வந்தா. பதினோரு நாள் வந்தா. அவளுக்கு மூட்டு வலி வேற. நான் ஒண்ணும் கல்நெஞ்சுக்காரன் இல்லீங்க. "மெதுவா வா, அவசரமில்லை"ன்னு சொல்லியிருந்தேன். பன்னண்டாவது நாள் வரலை. சொவத்துக்கு அந்தப் பக்கம் நின்னுக்கிட்டு, "முடியலீங்க"ன்னா.

எனக்கு மனசு கேக்கலை சார். ரெண்டு நாள் ஒக்காந்து யோசிச்சேன். கணக்குல வழி இல்லாமப் போகுமா? கெடைச்சுது! அந்தக் கோவையை மேலயும் கீழயும் ஒரே காரணியால பெருக்கி வகுத்தோம்னு வைங்க, கோடு துளி மாறாது. ஆனா ஒரே ஒரு புள்ளி மட்டும் காணாமப் போயிரும். ஓட்டை! முறையான ஓட்டை! புத்தகமே ஒத்துக்கற ஓட்டை! சடையப்பனைக் கூப்பிட்டு அடுப்படிக்கு நேரா ஒரு செங்கல்லை மட்டும் உருவச் சொன்னேன். புள்ளிக்கு அகலம் கிடையாது, நாயமாப் பாத்தா ஒரு செங்கல்லே அதிகம். இருந்தாலும் கட்டுன பொண்டாட்டியாச்சேன்னு விட்டுக் குடுத்தேன்.

அதுல காப்பி டம்ளர் வந்துதுங்க. இட்லி ஒவ்வொண்ணா வந்துது. தோசையைச் சுருட்டி நீட்டுவா. சாம்பாரு தான் கொஞ்சம் செரமம். நான் இந்தப் பக்கம் முக்காலி போட்டு ஒக்காந்துக்குவேன். "உப்புப் பத்துச்சுங்களா?"ன்னு கேப்பா. "பத்துச்சு"ம்பேன். சார், சும்மா சொல்லக் கூடாது, இருபத்திமூணு வருசத்துல நாங்க அத்தனை பேசுனதில்லை. நல்லா இருந்துதுங்க. நெசமாலுமே நல்லா இருந்துது.

ஒரு நாள் டம்ளரை வாங்குன பொறவும் அவ கையை உள்ள எடுக்கலை. கை அப்படியே நீட்டுனபடி இருக்குது. வளையல் செங்கல்லுல மாட்டிக்கிட்டு நிக்குது. "என்ன சம்பூர்ணம்?"னேன். எனக்குப் புரிஞ்சு போச்சு, இந்த ஓட்டை ஏன் இதுக்கு மேல பெருசாக முடியாதுன்னு கேக்கறா. நான் ஓடிப்போயி, எல்லாம் விளக்கமா எழுதி வச்சிருந்த கிராஃப் பேப்பரைச் சுருட்டி அந்தக் கையில வச்சேன். கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்துது. அப்புறம் உள்ள போயிருச்சு.

அடுத்த நாள் போயிப் பாத்தா, ஓட்டையில அந்தப் பக்கம் இருந்து செங்கல்லை வச்சுப் பூசியிருக்குது. அவளே பூசியிருக்கா, வெரல் தடம் தெரியுது. எனக்கு ஒரு பக்கம் வருத்தம், ஒரு பக்கம் பெருமை. புரிஞ்சுக்கிட்டா பாத்தீங்களா! தொடர்ச்சின்னாத் தொடர்ச்சி தான்னு அவளுக்கே பட்டிருக்குது. அது ஆச்சுங்க மூணு மாசம். மத்தியானத்துக்குப் பள்ளிக்கூடத்து வாசல்ல பொரோட்டாக் கடை இருக்குது. ராத்திரிக்குப் பன்னு.

சொவத்தால உபயோகமே இல்லைன்னு மட்டும் நெனச்சுராதீங்க. பன்னண்டாவது பிள்ளைக நாப்பது பேரையும் கூட்டிக்கிட்டு வந்தேன். வரிசையா நடக்க வச்சு, எங்க தாண்டுது, எங்க தொட்டுத் திரும்புதுன்னு காட்டுனேன். கன்னிமாருகிட்ட எல்லாரும் கும்பிட்டாங்க. ஒரு புள்ளை, நல்லாப் படிக்கற புள்ளை, கையைத் தூக்கி, "சார், இந்தச் சொவத்தால என்ன சார் பிரயோசனம்?"னு கேட்டுது. "கோவையோட வரைபடம் எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கலாம்"னேன். அது நோட்டுல எழுதிக்கிச்சு.

என்னங்க, ஃபைலைத் தொறக்கறீங்க? சரி, பாருங்க பாருங்க. அச்சு எந்தக் கல்லுல இருந்து ஆரம்பிக்குதுன்னு நான் காட்டறேன்.

என்னது? ஒரே சர்வே நம்பரா? உட்பிரிவே பண்ணலீங்களா? இல்லீங்களே, மாமனார் தடியை நீட்டிக் காட்டுனாரு, நான் நோட்டுல... அது ரெக்கார்டு இல்லீங்களா. படத்துல பாத்தீங்களா? நல்லாப் பாத்தீங்களா? ஒரு கோடும் இல்லையா? சார், அச்சே இல்லாம எப்படி சார் கிராஃப் போடறது? அப்ப என் பூச்சியமெல்லாம் எங்க இருக்குது?

கூட்டுப் பட்டாங்களா. யார் யார் பேருல? சென்னியப்பன். சரி. சம்பூர்ணம். சரி. அப்புறம்? அவ்வளவு தானுங்களா. இல்லை, சும்மா கேட்டேன். அவ அப்பன் சொத்து தானுங்க, எம்பேரு எப்படி இருக்கும். நான் தான் எங்க பக்கம், எங்க பக்கம்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன். யாரும் என்னைத் திருத்தலை பாருங்க. அவ ஒரு நாளும் சொல்லலீங்க, இது எங்க அப்பன் காடுன்னு.

மனு மச்சான் குடுத்தது தானுங்களே? ரெண்டு பேருமா? குடுங்க, நான் பாக்கலாமுங்களா. கண்ணாடி, கண்ணாடி... நெத்தியிலயே இருக்குது.

இது அவ எழுத்துங்க. ரேசன் கடைச் சீட்டுல கூட இப்படித்தான் எழுதுவா, ஒவ்வொரு எழுத்தா நிறுத்தி. மனுதாரர்கள் சென்னியப்பன், சம்பூர்ணம். எதிர்மனுதாரர் தெய்வசிகாமணி, ஆசிரியர். எதிர்மனுதாரருங்களா நானு. "எங்கள் கூட்டு நிலத்தில் எதிர்மனுதாரர் கட்டியுள்ள சுவருக்கு ஒரு கதவு வைக்கும்படி மூன்று முறை கேட்டும் வைக்கவில்லை. ஆகவே சுவரை அகற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறோம்." சரி. நியாயந்தான். "எதிர்மனுதாரருக்குச் சர்க்கரை வியாதி உள்ளது. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். கடையில் பொரோட்டா சாப்பிடுவதாகத் தெரிகிறது. எனவே இதை அவசரமாகக் கருதி..."

இருங்க சார். சித்தெ இருங்க.

இல்லை, ஒண்ணுமில்லீங்க. எழுத்து கொஞ்சம் மங்கலா இருக்குது.

நானா? நான் ஏன் அந்தப் பக்கம் போகலைங்கறீங்களா? ஸ்கூட்டர்ல போனா மூணு நிமிசம் தானுங்க. அவ தான் வந்துட்டு இருந்தா... தோணலீங்க சார். சத்தியமாத் தோணவேயில்லை. இத்தனை கணக்குப் போட்டனே, ஒரு தடவை சுத்திக்கிட்டுப் போவோம்னு எனக்குத் தோணவேயில்லை பாருங்க. என்ன மனுசன் நான்.

ஆட்சேபணை சொல்லப் பதினஞ்சு நாளா? வேண்டாமுங்க. பதினஞ்சு நாள் எதுக்கு? எங்க கையெழுத்துப் போடோணும், காட்டுங்க. அடுப்படிக்கு நேரா மொதல்ல இடிக்கச் சொல்லுங்க. மீதியை எப்ப வேணாலும் இடிங்க.

நீங்க இங்கிருந்து அந்தப் பக்கந்தான அளக்கப் போறீங்க? நானும் வண்டியில பின்னால ஒக்காந்துக்கறேனுங்க. தனியாப் போக ஒரு மாதிரி இருக்குது. நீங்க முன்னால போங்க, நான் வாசல்லயே நின்னுக்கறேன். யாரு வந்திருக்கறதுன்னு அவ கேட்டா எம்பேரைச் சொல்ல வேண்டாம். அவ மனுவுல எழுதியிருக்கற மாதிரியே சொல்லிருங்க. எதிர்மனுதாரர் வந்திருக்காரு, இன்னும் சாப்பிடலையாம்னு.